கனடாவுக்குப் புதுசா வந்தனீங்களா? எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்டுறது

போன கிழமை ஒரு தம்பி போன் எடுத்தவர். வந்து ஆறு மாசம், ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ற்றில இருக்கிறார். "அண்ணை, வீட்டுக்காரர் வாற மாசத்தில இருந்து 300 டொலர் கூட்டித் தரச்சொல்லுறார், நான் பிரதமர் மார்க் கார்னிக்கு ஒரு ஈமெயில் அடிக்கட்டோ" எண்டு கேட்டார். சிரிச்சிட்டன். பிறகுதான் சிரிச்சது பிழையெண்டு பட்டது, ஏனெண்டா நானும் வந்த புதுசில சிற்றி வண்டி எங்கட வாசல்ல பனியைக் குவிச்சிட்டுப் போட்டுது எண்டு எம்.பி.யிட ஒபிஸுக்கு நடந்து போன ஆள்தான், அங்க இருந்த பிள்ளை மரியாதையா ஒரு துண்டில சிற்றியிட போன் நம்பர் 311 எண்டு எழுதித் தந்து அனுப்பிவிட்டது.

ஊரில கச்சேரிக்குப் போனாலும் கடைசியில கொழும்பைத்தான் பார்ப்பினம். இஞ்ச அப்பிடி இல்ல, உண்மையாவே மூண்டு அரசாங்கம்: ஒட்டாவாவில மத்திய அரசாங்கம், மாகாணம், சிற்றி. மூண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனித் தேர்தல். வட்சப்பில வாற நியூஸ் எல்லாம் "கனடா அரசாங்கம் அறிவிப்பு" எண்டுதான் வரும், எந்த அரசாங்கம் எண்டு ஒருத்தரும் போடமாட்டினம். இதை மட்டும் பிரிச்சு விளங்கிக்கொண்டால் பாதித் தலையிடி போயிடும். நான் ஒன்ராறியோவில இருக்கிறபடியால் ஒன்ராறியோ கணக்கிலதான் சொல்லுறன், வேற மாகாணத்தில இருக்கிற ஆக்கள் வாடகை, வேலை, ஆஸ்பத்திரி விசயத்தில அந்தந்த மாகாணச் சட்டத்தைப் பாருங்கோ.

முதல் வேலை: உங்கட போஸ்ரல் கோட்டை இன்ரநெற்றில போட்டு மூண்டு பேரைக் கண்டுபிடிச்சு பிரிட்ஜில ஒட்டுங்கோ. ஒட்டாவாவுக்குப் போற எம்.பி., மாகாணச் சபை இருக்கிற குயின்ஸ் பார்க்குக்குப் போற எம்.பி.பி., சிற்றி ஹோலுக்குப் போற கவுன்சிலர். குடிவரவு, பாஸ்போர்ட், வேலை போனால் வாற ஈ.ஐ., வருமான வரி, எல்லை, ட்ரம்போட மல்லுக்கட்டுறது எல்லாம் ஒட்டாவா. ஆஸ்பத்திரி, ஹெல்த் கார்ட், பள்ளிக்கூடம், கொலிஜ், ட்ரைவிங் லைசென்ஸ், வாடகைச் சட்டம், வேலைச் சட்டம், குறைஞ்ச சம்பளம் இதெல்லாம் மாகாணம். குப்பை, பனி, தண்ணி, லைப்ரரி, பஸ், பார்க்கிங் ரிக்கற் சிற்றி. இந்த ஒபிஸுகளில உதவி கேக்கிறதுக்கு ஒரு சதமும் இல்ல, நீங்கள் வோட் போட ஏலாத ஆளெண்டாலும் அந்தத் தொகுதியில இருந்தால் காணும். பி.ஆர். (நிரந்தர வதிவிட) பைல் வருசக்கணக்கா அசையாமல் கிடக்கெண்டா கன்சல்ரன்ற்றுக்குக் காசு குடுக்கமுதல் எம்.பி. ஒபிஸில கேளுங்கோ, பைல் இப்ப எந்த நிலையில நிக்குதெண்டு அவை விசாரிச்சுச் சொல்லுவினம். முடிவை மாத்தமாட்டினம், மாத்தித் தாறன் எண்டு ஆரும் காசு கேட்டால் அது கள்ளம்.

ஆனா பெட்டி மூண்டும் சரியாப் பிரிஞ்சு இருக்கெண்டு நினைச்சிடாதேங்கோ. ஸ்காபரோ ஆர்.ரி. 2023 யூலை 24 தண்டவாளத்தை விட்டு இறங்கினது, அதோட அந்த லைனை மூடியாச்சு, சனம் அண்டைக்கு இருந்து பஸ்ஸிலதான் போய்வருகுது. பஸ் ஓட்டுறது சிற்றியிட ரி.ரி.சி., அதுக்குப் பதிலா வாற சப்வேயைக் கட்டுறது மாகாணத்தின்ர மெற்றோலிங்ஸ், காசில ஒரு பங்கு ஒட்டாவாவும் போடுது. இப்ப ஆரை ஏசுறது? பஸ் நேரத்துக்கு வரேல்லையெண்டா கவுன்சிலர், சப்வே எப்ப முடியுமெண்டா எம்.பி.பி. இன்னொண்டையும் பாருங்கோ, சிற்றி எண்டது சட்டப்படி மாகாணம் பெத்த பிள்ளை. 2018 இல தேர்தல் நடந்துகொண்டிருக்கேக்கயே மாகாண முதல்வர் டக் போர்ட் ரொறன்ரோ கவுன்சிலை 47 இல இருந்து 25 ஆ வெட்டினார், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2021 இல 5க்கு 4 எண்டு மாகாணம்தான் வெண்டது. சிற்றி பூட்டி வைச்ச ஸ்பீட் கமராக்களையும் 2025 நவம்பரில மாகாணம்தான் தடை செய்தது. அதால சிற்றியில ஒண்டு நடக்கேல்லையெண்டா சில நேரம் கவுன்சிலர் உண்மையாவே ஏலாமல்தான் நிக்கிறார், சாட்டுச் சொல்லேல்ல.

இனி வீடு. இதில கொஞ்சம் நிண்டு கதைக்கத்தான் வேணும், புதுசா வாற ஆக்களிட காசு கூடுதலா அழியுறது இதிலதான், எங்கட ஆக்களிட்டயே அழியுறதும் இதிலதான்.

வாடகை ஏன் இப்பிடி நிக்குதெண்டா ஒரு காரணம் இல்ல. வட்டி கன வருசம் மலிவாக் கிடந்தது, ஆளாளுக்கு கொண்டோ வாங்கினவை. 2022 யூனில விலைவாசி ஏத்தம் 8.1 வீதத்துக்குப் போச்சு, அதை அடக்க பாங்க் ஒஃப் கனடா வட்டியைப் படிப்படியா ஏத்தி 2023 யூலையில 5 வீதத்தில கொண்டுபோய் விட்டது, மோர்ட்கேஜ் ஏறின வீட்டுக்காரர் அந்தச் சுமையை பேஸ்மென்ற்றில இருக்கிற உங்கட தலையில இறக்கினார். அதே காலத்திலதான் மாணவரும் தற்காலிக வேலையாக்களும் லட்சக்கணக்கில வந்து சேர்ந்தவை, கட்டின வீடு காணாது. 2025 ஒக்ரோபரில வட்டி 2.25க்கு இறங்கிட்டுது, ஆனா வாடகை ஏறின வேகத்தில இறங்காது.

வீடு எடுக்கேக்க செய்யவேண்டியது இதுதான். வீட்டுக்காரர் கேக்கக்கூடியது முதல் மாச வாடகையும் கடைசி மாச வாடகையும் மட்டும்தான். டமேஜ் டிப்போசிற் எண்டு கேக்கிறது ஒன்ராறியோவில சட்டவிரோதம், வருசத்துக்கு 12 செக் முன்கூட்டியே தந்தால்தான் வீடு எண்டு கட்டாயப்படுத்தவும் ஏலாது. நான் முதல் எடுத்த அறைக்கு ஆறு மாசக் காசை முன்னுக்குக் கட்டினனான், கிரெடிற் இல்ல, வேலைக் கடிதம் இல்ல, வேற வழி தெரியேல்ல. கட்டினதுக்கு ஒரு துண்டும் கேக்கேல்ல, கேட்டால் மரியாதையில்லை எண்டு நினைச்சன், அந்த மரியாதை எனக்கு ரெண்டு மாசக் காசைத் திண்டுபோட்டுது. எவ்வளவு தெரிஞ்ச ஆளெண்டாலும் ரசீது கேளுங்கோ, கேட்டால் சும்மா எழுதித் தரவேண்டியது அவரிட கடமை. மாகாணத்தின்ர ஸ்ரான்டர்ட் லீஸ் எண்டு ஒரு படிவம் 2018 ஏப்ரல் 30 இல இருந்து இருக்கு, அதில கையெழுத்துப் போட்டு ஒரு கொப்பி வாங்கி வையுங்கோ.

வாடகை ஏத்துறதெண்டா 12 மாசத்துக்கு ஒருக்கால்தான், 90 நாளைக்கு முதல் எழுத்தில தரவேணும். எவ்வளவு ஏத்தலாமெண்டு மாகாணம் வருசா வருசம் ஒரு எண் சொல்லும், 2025க்கு 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். அதாவது 1,500 டொலர் கட்டுற ஆளுக்கு 31 டொலர் 50 சதம். ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல் முதலா ஆள் குடிவந்த வீடுகளுக்கு இந்த எண் பொருந்தாது, எவ்வளவும் ஏத்தலாம். புதுக் கொண்டோ பளபளவெண்டு இருக்கெண்டு எடுத்துப்போட்டு அடுத்த வருசம் 400 டொலர் ஏத்தேக்க அழுத ஆக்களைக் கண்டிருக்கிறன். அதுக்குப் பிறகு புதுசா இறக்கின சில பேஸ்மென்ற்றுகளும் இதுக்குள்ள வரும், அதால எடுக்கமுதல் "இது எப்ப கட்டினது, முதல் ஆர் இருந்தவை" எண்டு கேட்டுப்போடுங்கோ.

இன்னொண்டு, எங்கட ஆக்கள் கன பேருக்குத் தெரியாது. வீட்டுக்காரரோட அல்லது அவரிட குடும்பத்தோட குசினியோ பாத்ரூமோ பங்கு போட்டு இருக்கிறீங்களெண்டா இந்தச் சட்டமே உங்களைக் காப்பாத்தாது. அறை மலிவா இருக்கும், அன்ரி புட்டும் தருவா, ஆனா நாளைக்கு வெளிய போ எண்டா வாடகைப் பிணக்கைத் தீர்க்கிற லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்ட்டுக்குப் போக ஏலாது. தனிக் குசினி தனிப் பாத்ரூம் இருக்கெண்டா அது வேற கதை. அப்ப வீட்டுக்காரர் தான் குடிவரப்போறன் எண்டு என்12 எண்ட படிவத்தைத் தந்தால் 60 நாள் தவணை, ஒரு மாச வாடகை நட்டஈடு, அதுக்குப் பிறகும் போர்ட் ஓடர் போடாமல் உங்களை எழுப்ப ஏலாது. துண்டு கையில வந்தவுடன பெட்டி கட்டத் தொடங்காதேங்கோ.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது சின்ன மறுமொழிதான். வந்து ஆறு மாசம், 12 மாசம் ஆகேல்ல, அப்ப பேஸ்மென்ற் புதுசோ பழசோ இப்ப ஒரு சதமும் ஏத்த ஏலாது. கார்னிக்கு எழுதிறதை விட்டிட்டு வீட்டுக்காரருக்கு ஒரு ரெக்ஸ்ற் அடியும், மரியாதையா, திகதியோட.

வேலைக்கு வருவம். 2025 மார்ச்சில ட்ரம்ப் வரி போடத் தொடங்கினாப் பிறகு "எல்போஸ் அப்" எண்டு எல்லாரும் கத்தினவை, மாகாணத்தின்ர சாராயக்கடை எல்.சி.பி.ஓ. தட்டில இருந்து அமெரிக்கச் சாராயம் இறங்கினது. அது நல்ல பம்பல். ஆனா உருக்கு, அலுமினியத்துக்கு யூனில 50 வீதம் ஆக்கினது, காருக்குப் போட்டது, இதெல்லாம் நேர எங்கட வயித்தில அடிக்குது, ஏனெண்டா புதுசா வாற ஆள் ஏஜென்சியால போற முதல் பக்டரி கார்ப்பாகமோ இரும்போ வெயார்ஹவுஸோவாத்தான் இருக்கும். பிரம்ப்ரனில கட்ட இருந்த ஜீப்பை அமெரிக்காவுக்குக் கொண்டு போறம் எண்டு ஸ்ரெலான்ரிஸ் 2025 ஒக்ரோபரில சொன்னது. பெரிய பக்டரி நிண்டால் அதைச் சுத்தியிருக்கிற சின்னப் பக்டரி எல்லாம் நிக்கும், அங்க முதல் போறது ஏஜென்சி ஆக்களிட சிப்ற்தான்.

அதால ஏஜென்சியைப் பார்த்துப் பிடியுங்கோ. 2024 யூலை 1 இல இருந்து ஒன்ராறியோவில ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேணும், மாகாண வெப்சைற்றில பெயரைத் தேடிப் பார்க்கலாம். குறைஞ்ச சம்பளம் 2025 ஒக்ரோபர் 1 இல இருந்து மணிக்கு 17 டொலர் 60 சதம், வேலை எடுத்துத் தாறதுக்கெண்டு உங்களிட்டக் காசு வாங்க ஏலாது. கைக்காசு தாறன் எண்டு 13, 14க்கு இழுப்பினம், ஆனா கைக்காசில ஈ.ஐ. இல்ல, பென்சன் இல்ல, விரல் போனால் சாட்சியும் இல்ல. சம்பளம் தராட்டி தொழில் அமைச்சில முறைப்பாடு செய்யலாம், அதுக்குக் காசில்லை. படிச்ச வேலை தேடுற ஆக்களுக்கு ஒரு நல்ல விசயம், 2026 யனவரி 1 தொடக்கம் 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற கொம்பனியள் விளம்பரத்தில "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்" எண்டு போட ஏலாது, சம்பளம் எவ்வளவில இருந்து எவ்வளவெண்டும் போடவேணும். இன்ரவியூவில மனசுக்குள்ள என்ன நினைப்பினமோ அது வேற.

வருமானம் இல்லாட்டியும் ஏப்ரல் 30க்குள்ள ரக்ஸ் போடுங்கோ, இதை எத்தினை தரம் சொன்னாலும் காணாது. பிள்ளைக் காசு, ஜி.எஸ்.ரி. காசு, மாகாணத்தின்ர ட்ரிலியம் காசு, 90,000 டொலருக்குக் குறைஞ்ச குடும்பத்துக்கு வாற பல்லு வைத்தியத் திட்டம் எல்லாம் அந்த ஒரு படிவத்திலதான் தொங்கிக்கொண்டு நிக்குது. புருசன் மட்டும் போட்டால் காணாது, ரெண்டு பேரும் போடவேணும். மார்ச், ஏப்ரலில லைப்ரரியிலயும் சமூக நிலையங்களிலயும் தொண்டர்கள் குறைஞ்ச வருமானக்காரருக்குச் சும்மா போட்டுத் தருவினம். கார்பன் காசு எப்ப வரும் எண்டு இப்பவும் கேக்கிறவை இருக்கினம், அது 2025 ஏப்ரலோட முடிஞ்சுது, அந்தக் காசு வந்திருக்கு அமத்துங்கோ எண்டு போனுக்கு லிங்க் வந்தால் அமத்தாதேங்கோ.

ஆஸ்பத்திரி மாகாணம். ஹெல்த் கார்ட் எடுக்க முந்தி மூண்டு மாசம் காத்திருக்கவேணும், 2020 மார்ச்சில அதை எடுத்தாச்சு, பி.ஆர். எண்டா வந்த கையோட போங்கோ. பமிலி டொக்டர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு, ஹெல்த் கெயார் கனெக்ற்றில பதிஞ்சு வைச்சிட்டு தெரிஞ்ச ஆக்களிட்டயும் கேளுங்கோ, தமிழ் டொக்டர்தான் வேணுமெண்டு நிண்டால் இன்னும் இழுபடும். சின்ன வருத்தத்துக்கு எமர்ஜென்சியில எட்டு மணித்தியாலம் குந்தியிருக்காமல் 811க்கு அடிச்சு நேர்ஸோட கதையுங்கோ, கண் சிவப்பு, சலக்கடுப்பு மாதிரி சிலதுக்கு 2023 யனவரியில இருந்து பார்மசிக்காரரே மருந்து எழுதலாம். மருந்துக் காசு, கண்ணாடி எல்லாம் ஓஹிப்பில, அதுதான் அந்த ஹெல்த் கார்ட் திட்டத்தில, வராது, "கனடாவில வைத்தியம் ப்ரீ" எண்டு ஊரில சொன்னவை இதைச் சொல்லியிருக்கமாட்டினம்.

குடிவரவுதான் இப்ப சூடான கதை. பி.ஆர். எண்ணிக்கையை 2025க்கு 395,000, 2026க்கு 380,000 எண்டு ஒட்டாவா குறைச்சது, மாணவர் விசாவுக்கு 2024 யனவரியில உச்சவரம்பு போட்டது. இதில மாகாணத்துக்கும் பங்கிருக்கு. ஒன்ராறியோ 2019 இல உள்ளூர்ப் பிள்ளையளிட கொலிஜ் பீஸை 10 வீதம் வெட்டி அப்பிடியே கட்டி வைச்சது, கொலிஜுகள் ஓட்டையை அடைக்க வெளிநாட்டுப் பிள்ளையளைக் கொண்டந்து நிரப்பினது, பேந்து ஒட்டாவா கதவை இழுக்க கொலிஜுகள் கோர்ஸ்களை மூடுது. பஸ்ஸில உங்களைப் பார்த்து முணுமுணுக்கிற ஆளுக்கு இந்தக் கதை தெரியாது. நீங்கள் தெரிஞ்சு வைச்சிருங்கோ, ஆனா பஸ்ஸில சண்டைக்குப் போகாதேங்கோ.

எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி எடுக்கிற அனுமதி) வாங்கித் தாறன், 30,000 டொலர் எண்டு வாறவையைக் கிட்ட எடுக்காதேங்கோ. வேலைக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி எண்ட பி.ஆர். புள்ளித் திட்டத்தில குடுத்த புள்ளியை 2025 மார்ச் 25 இல தூக்கியாச்சு, இல்லாத புள்ளியைத்தான் விக்கினம். அகதிக்கோரிக்கை வைக்கிற யோசினை உள்ள ஆக்கள் பிந்தாமல் லீகல் எய்ட் ஒன்ராறியோவில வக்கீலைப் பாருங்கோ: 2020 யூன் 24க்குப் பிறகு வந்து ஒரு வருசம் கடந்து கோரிக்கை வைச்சால் வழமையான விசாரணை இல்லை எண்ட ஏற்பாட்டோட 2025 யூன் 3 இல ஒட்டாவாவில சட்டமூலம் வந்தது. அதைச் சபையில வைச்ச பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி, சின்னப் பிள்ளையா அகதியா வந்த எங்கட ஆள்தான். 1986 ஓகஸ்டில நியூபவுண்லாந்துக் கடல்ல வள்ளத்தில மிதந்த 155 பேரைக் காப்பாத்தினதை இன்னும் கொண்டாடுறம், அதையும் இதையும் பக்கத்தில வைச்சுப் பார்க்க எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு.

ஊர்ப்பழக்கம் பற்றிக் கொஞ்சம். பிள்ளையிட பள்ளிக்கூடக் கூட்டத்தில முதல்ல ஒராள் எழும்பி இந்த நிலம் இன்னார் நிலம் எண்டு வாசிப்பார், புதுசா வந்தவை பிரார்த்தனையாக்கும் எண்டு கும்பிட்டதையும் கண்டிருக்கிறன். அது பூர்வகுடி மக்களிட நிலத்தை ஒப்புக்கொள்ளுறது. அந்த மக்களிட ஒண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளையளைத் தாய் தகப்பனிட்ட இருந்து பிரிச்சு வதிவிடப் பள்ளிக்கூடங்களில போட்டு பாசையை மறக்கப் பண்ணினவை, எங்கட ஆக்களுக்கு இதை நீட்டி விளங்கப்படுத்தத் தேவையில்ல. செப்ரெம்பர் 30க்குப் பிள்ளைக்கு ஒறேஞ்ச் சேர்ட் தேடி வையுங்கோ. ஆனா அது ஒன்ராறியோவில எல்லாருக்கும் லீவு இல்ல, லீவெண்டு நினைச்சு வேலைக்குப் போகாமல் நிண்டிடாதேங்கோ.

மொன்றியலுக்குப் போற ஆக்களுக்கு: பிரெஞ்சை இண்டைக்கே தொடங்குங்கோ. 2022 இல வந்த 96ஆம் சட்டத்தின்படி வந்து ஆறு மாசத்துக்குப் பிறகு கியூபெக் அரசாங்கம் பெரும்பாலும் பிரெஞ்சிலதான் உங்களோட கதைக்கும். அங்க பிரிஞ்சு போற கதை இன்னும் முடியேல்ல, 1995 இல வேண்டாம் எண்டு 50.58 வீதம், வேணும் எண்டு 49.42 வீதம். எங்கட அப்பா இந்த எண்ணைக் கேட்டாப் பிறகு கனநேரம் பேசாமல் இருந்தவர். "அதுக்குப் பிறகு ஒருத்தரையும் பிடிச்சு அடைக்கேல்லையோ" எண்டு மட்டும் கேட்டார்.

கடைசியா வோட். சிற்றிசன் ஆகும்வரை மூண்டு தேர்தலிலயும் போட ஏலாது, தெரியாமல் பட்டியல்ல பெயர் வந்தாலும் போடக்கூடாது, பேந்து சிற்றிசன் பைல்ல வந்து இடிக்கும். சிற்றிசனுக்கு அஞ்சு வருசத்துக்குள்ள 1,095 நாள் இஞ்ச நிக்கவேணும், ஊருக்குப் போற வாற திகதியை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. பி.ஆர். இருந்தால் கட்சியில மெம்பராகி வேட்பாளரைத் தெரியிற வோட் போடலாம், 14 வயசுப் பிள்ளைகூட லிபரலிலயும் கொன்சவேற்றிவிலயும் சேரலாம். ஸ்காபரோவில பல இடத்தில ஆர் எம்.பி. எண்டு முடிவாகிறதே அந்த நொமினேசன் ஹோலிலதான், 2011 இல ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் எம்.பி.யா வந்ததில இருந்து எங்கட சனத்துக்கு இது நல்லாப் பழகிப்போச்சு. ஆரும் அங்கிள் வந்து வானில ஏத்தி, மெம்பர் காசும் தானே கட்டி, இன்னாருக்குப் போடு தம்பி எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, பிடிச்ச ஆளுக்கு நீங்களா சேர்ந்து நீங்களாப் போய்ப் போடுங்கோ. அடுத்து வாறது முனிசிப்பல் தேர்தல், 2026 ஒக்ரோபர் 26. வோட் இல்லாட்டியும் கதவு தட்டி வாறவையிட்ட பனியும் பஸ்ஸும் பற்றிக் கேக்கலாம், கேள்விக்கு சிற்றிசன் கார்ட் வேண்டாம்.

தம்பி பிறகு எடுத்தவர், வீட்டுக்காரர் 300ஐ விட்டிட்டாராம், ஆனா ரெண்டு நாளா முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம். "அதுக்கு எந்த ஒபிஸ் அண்ணை" எண்டு கேட்டார்.